கொடுமணல்: கல்வட்டங்களும் அவற்றை எழுப்பிய ஊரும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரத்தில், நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பார்ப்பதற்கு மற்றக் கொங்கு நாட்டுச் சிற்றூர்களைப் போலத்தான் இருக்கும். மேட்டாங்காடு, கிளுவை வேலி, பனைமரங்கள், மேய்ச்சலுக்கு விட்ட ஆடு மாடுகள். ஆனால் அந்தக் காடுகளுக்கு அடியில் இரண்டு பழைய இடங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்று, சுமார் 50 ஏக்கரில் மக்கள் குடியிருந்த மேடு. இன்னொன்று, அதை ஒட்டிச் சுமார் 100 ஏக்கரில் விரிந்த ஈமக்காடு, அதாவது இறந்தவர்களுக்கான இடம்.

தமிழ்நாட்டில் பெருங்கற்காலக் கல்லறைகளுக்கு, அதாவது பெரிய கற்களை நிறுத்தி எழுப்பிய பழங்காலக் கல்லறைகளுக்கு, குறைவே இல்லை. பாண்டவர் குழி, மாண்டவர் குழி, குள்ளர் வீடு என்று ஊருக்கு ஒரு பெயரில் மக்கள் அவற்றை அறிந்திருக்கிறார்கள். அந்தக் கல்லறைகளைக் கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டால்தான் பெரும்பாலான இடங்களில் பதில் கிடைப்பதில்லை. ஆதிச்சநல்லூரையே எடுத்துக்கொள்வோம். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் அங்கே தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ பெரிய அளவில் தோண்டிப் பொன் பட்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் வெளியே கொண்டுவந்தார். தாழிகளுக்குக் கிடைத்த கவனம் அந்த மக்கள் வாழ்ந்த இடத்துக்குக் கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆனது. கொடுமணலில் அப்படி நடக்கவில்லை. முதல் அகழாய்விலிருந்தே குடியிருப்பு மேட்டிலும் ஈமக்காட்டிலும் சேர்த்தே குழி போட்டார்கள். கொடுமணலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் முக்கியமானவை பலவும் இந்த ஒரு முடிவினால் கிடைத்தவை என்பது என் கணிப்பு. இந்தக் கட்டுரை அதைத்தான் பேசப் போகிறது.

கண்டறிந்த வரலாறு

1961-இல் மத்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த வி.என். சீனிவாச தேசிகன் இந்த இடத்தைக் கண்டு பதிவு செய்தார். முறையான அகழாய்வு 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முயற்சியில் தொடங்கியது. எ. சுப்பராயலு, கா. ராஜன், புலவர் செ. இராசு போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். இராசு கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர். இந்த மண்ணை அறிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்தது நல்ல வாய்ப்பு. 1990 வரை விட்டு விட்டு வேலை நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. 2012, 2013 ஆண்டுகளில் ராஜன் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் மீண்டும் இங்கே வந்தார். அதன்பின் மத்தியத் தொல்லியல் துறையும், 2020-இலிருந்து மறுபடியும் மாநிலத் துறையும் இறங்கின.

இந்த ஊர் பாட்டிலும் இருக்கிறது. சங்க நூலான பதிற்றுப்பத்தின் 67-ஆம் பாட்டில் சேர அரசன் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடும் கபிலர் "கொடுமணம் பட்ட நெடுமொழி ஒக்கல்" என்கிறார். 74-ஆம் பாட்டில் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் அரிசில்கிழார் "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்கிறார். வேலைப்பாடு சிறந்த அரிய அணிகலன் என்று பொருள். பாட்டில் வரும் கொடுமணம் இந்தக் கொடுமணல்தான் என்று அறிஞர்கள் பலர் ஏற்கிறார்கள். பெயர் ஒத்துப்போவது ஒரு காரணம். ஆனால் அதைவிட வலுவான காரணம் 'வினைமாண் அருங்கலம்' என்ற சொற்களுக்குச் சாட்சியாக மண்ணுக்குள்ளிருந்து வந்த பொருள்கள். அவற்றைப் பற்றிப் பிறகு.

ஒரு கல்லறை எப்படிக் கட்டப்பட்டது

கொடுமணல் ஈமக்காட்டில் தரைக்கு மேலே தெரிவது உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கிய கல்வட்டம். சிலவற்றுக்கு இரட்டை வட்டம். வட்டத்துக்குள் சிறு கற்களும் மண்ணும் குவிந்து கிடக்கும். இதைக் கற்குவை என்பார்கள். குவியலை நீக்கிக்கொண்டே கீழே போனால் பெரிய பலகைக் கற்களால் ஆன ஓர் அறை வரும். அதுதான் கற்பதுக்கை.

அறையின் சுவர் நான்கு பலகைக் கற்கள். ஒவ்வொரு கல்லின் ஒரு முனையும் அடுத்த கல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்துவார்கள். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா வடிவம் தெரியும். இது அலங்காரத்துக்காகச் செய்ததல்ல. வெளியே இருந்து மண் அழுத்தும்போது ஒரு கல் உள்ளே சாயப் பார்த்தால் அடுத்த கல் அதைத் தடுத்து நிறுத்தும். சுண்ணாம்பும் இல்லை, ஆணியும் இல்லை. கற்களின் எடையும் அவை நின்ற விதமும் மட்டுமே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த அறைகளைத் தாங்கியிருக்கின்றன. மேலே மூடுகல். ஒரு பக்கச் சுவரில் துளை ஒன்று உண்டு. இடுதுளை என்று சொல்கிறார்கள். கொடுமணலின் பெரிய பதுக்கைகள் சிலவற்றில் நடுவே தடுப்புக் கல் வைத்து அறையை இரண்டாகப் பிரித்து, முன்னால் சிறிய துணைப் பதுக்கைகளையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கல்லறை என்பதைவிடப் பல அறை கொண்ட வீடு என்று சொல்லத் தோன்றும் அமைப்பு.

இடுதுளை ஏன்? உறுதியாகச் சொல்ல எழுத்து ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இங்கே கிடைத்த எலும்புகள் பெரும்பாலும் முழு உடலாக இல்லை, துண்டு துண்டாகச் சேர்த்து வைத்தவையாக இருக்கின்றன. உடலை வேறு இடத்தில் வைத்துவிட்டு, பிறகு எலும்பை மட்டும் பொறுக்கி வந்து பதுக்கைக்குள் இடும் வழக்கம் இருந்திருக்கிறது. அப்படியென்றால், கட்டி முடித்த அறைக்குள் இன்னொரு நாள் இன்னொருவரின் எலும்பையோ படையலையோ வைப்பதற்குத் திறந்து மூடும் வழி ஒன்று வேண்டும். துளை அதற்குப் பயன்பட்டிருக்கலாம். மணிமேகலை சக்கரவாளக் கோட்டம் என்ற இடுகாட்டைப் பேசும் இடத்தில் "சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர்" என்று ஐந்து வகையாக அடுக்குகிறது. ஒரே காலத்தில் பல முறைகள் புழங்கின என்பதற்கு அது நல்ல சாட்சி. கொடுமணலிலும் பதுக்கைகளோடு தாழிகளும் உண்டு.

உள்ளே என்ன இருந்தது? கறுப்பு சிவப்புக் கலன்கள், தாங்கிகள், இரும்பு வாள், ஈட்டி, அம்பு முனை, அப்புறம் மணிகள். ஒரே கல்லறையில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லால் ஆன 2000-க்கும் மேற்பட்ட மணிகள் கிடைத்திருக்கின்றன. இத்தனைக்கும் இங்குள்ள கல்லறைகள் பல பழங்காலத்திலேயே யாராலோ குடைந்து பார்க்கப்பட்டவை. திருடியவர்கள் விட்டுப்போன மிச்சம்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

2020-இல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், பெரிய கற்கள் சூழ்ந்த ஒரு வட்டத்துக்குள் மூன்று அறை கொண்ட கல்லறையும், அறைகளுக்கு வெளியே மூடியோடு கூடிய 10 கலன்களும் கிடைத்தன. கற்களின் அளவைப் பார்த்து, ஊர்த் தலைவர் போன்ற ஒருவருக்காக எழுப்பியதாக இருக்கலாம் என்று அகழாய்வாளர்கள் கருதினார்கள். ஈமக்காட்டில் சுமார் 250 கல்வட்டங்கள் இருப்பதாகவும் அப்போது தெரிவித்தார்கள்.

பக்கத்து மேடு சொன்ன சேதி

கல்லறைகளோடு நிறுத்தியிருந்தால் கதை இப்படித்தான் முடிந்திருக்கும்: வாள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள், ஆகவே வீரர்கள், மணி வைத்துப் புதைத்திருக்கிறார்கள், ஆகவே செல்வர்கள். குடியிருப்பு மேட்டில் போட்ட குழிகள் இந்த எளிய கதையை மாற்றின.

அங்கே கிடைத்தவை பட்டறைகள். நீலக்கல், பெரில் என்னும் பச்சைக்கல், படிகம், அகேட், சூதுபவளம், செவ்வந்திக்கல் ஆகியவை மூலக்கல்லாக, உடைத்த துண்டாக, வடிவம் கொடுத்த நிலையில், மெருகேற்றிய பின், துளை போடும் முன், துளை போடும்போது உடைந்தவை என்று ஒவ்வொரு படியிலும் கிடைத்தன. முடிந்த மணி மட்டும் கிடைத்தால் அது வாங்கியதா செய்ததா என்று சொல்ல முடியாது. பாதியில் கெட்டுப்போய்த் தூக்கியெறிந்த மணிதான் 'இங்கேதான் செய்தார்கள்' என்று சொல்லும். கல்லும் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. பெரிலுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை, இரும்புத் தாதுவுக்குச் சென்னிமலை என்று எல்லாம் எட்டிய தூரத்திலேயே இருந்தன. ரோமானியர்கள் விரும்பி வாங்கிய கற்களில் இந்தியப் பெரிலும் ஒன்று.

இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று சிறு சிறு மூசைகளோடு, அதாவது உலோகத்தைச் சூடேற்றும் மண் குப்பிகளோடு, இருந்தது. இரும்பை மண் மூசைக்குள் கரிப்பொருளோடு அடைத்துச் சூடேற்றினால், கரிமம் இரும்பில் ஏறி உருக்கு கிடைக்கும். பிற்காலத்தில் உலகமே பேசிய தென்னிந்திய உருக்கின் மிகப் பழைய தடயங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். கல்லறைக்குள் கிடந்த வாளை இப்போது திரும்பிப் பாருங்கள். அது ஒரு வீரனின் ஆயுதமாக இருக்கலாம். கொல்லனின் கைவேலையாகவும், அவனுடைய பெருமையாகவும், வணிகன் விற்ற சரக்காகவும் இருக்கலாம். பக்கத்து மேட்டைத் தோண்டாமல் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மணிகளில் இன்னொரு செய்தி இருக்கிறது. கல்லறைகளில் மேலோங்கி நிற்பது சூதுபவளம். நீலக்கல்லும் பெரிலும் படிகமும் குடியிருப்பில்தான் நிறைய. சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கொங்கு மண்ணில் தோண்டி எடுத்த கல் சந்தைக்குப் போனது, தொலைவிலிருந்து விலை கொடுத்து வரவழைத்த சிவப்புக் கல் இறந்தவரோடு போனது. நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன். இறந்தவருக்குக் கொடுக்க வேண்டியது எது என்பதில் அந்த மக்களுக்கு ஒரு கண்டிப்பான மரபு இருந்திருக்கிறது. கையில் எளிதாகக் கிடைப்பதை அள்ளி வைக்கவில்லை.

எழுத்தும் மேட்டில்தான் குவிந்து கிடந்தது. 500-க்கும் மேற்பட்ட தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த இடம் இது. கண்ணன் ஆதன், பண்ணன், விஸாகி, ஸம்பன் ஸுமணன் என்று பெயர்கள் வருகின்றன. நிகம என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. வணிகக் குழுவைக் குறிப்பது அது. பெயர்களில் தமிழும் பிராகிருதமும் கலந்து கிடப்பதைக் கவனிக்க வேண்டும். கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் பெருவழியில் இருந்த ஊர் இது. வடக்கிலிருந்து வந்தவர்கள் இங்கே தங்கித் தொழில் செய்திருக்கிறார்கள், தம் பானையில் தம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் அரசர்களோ புலவர்களோ இல்லை. சோறாக்கும் பானைக்குச் சொந்தக்காரர்கள். சங்க காலத் தமிழகத்தில் யாருக்கு எழுத்துத் தெரிந்திருந்தது என்ற கேள்விக்கு இந்த ஓடுகளைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை.

காலம் குறித்து ஒரு வார்த்தை. 2012–13 அகழாய்வின் மாதிரிகளை ஏஎம்எஸ் என்ற முறையில் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில், மிகப் பழையது கி.மு. 408 என்று வந்தது. தமிழி எழுத்தின் தொடக்கத்தை அசோகருக்கு முன்னால் கொண்டுபோக ராஜன் முன்வைக்கும் சான்றுகளில் கொடுமணலும், பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் என்ற ஊரும் முக்கியமானவை. எல்லா அறிஞர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. கரித்துண்டு கிடந்த அடுக்கும் எழுத்து இருந்த ஓடும் ஒரே காலத்தவையா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழத்திலிருந்து எடுத்த மாதிரிகள் வரிசை மாறாமல், மேலே வர வர இளையவையாக, கி.மு. 200 வரை வந்திருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

யாருக்குக் கல்லறை கிடைத்தது?

கொடுமணலைப் பற்றிய எழுத்துகளில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன். 250 கல்வட்டங்கள். எலும்பைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இருந்ததால், ஒரு கல்லறைக்கு நான்கு பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 1000 பேர். ஊர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. தொடக்க நூற்றாண்டுகள் வரை இருந்தது. 500 ஆண்டு என்று கொண்டால் வருஷத்துக்கு இரண்டு பேர். பழைய காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 30 சாவு என்று வைத்தாலும், வருஷத்துக்கு இரண்டு சாவு என்பது 70 பேர்கூட இல்லாத ஒரு குக்கிராமத்தின் கணக்கு. 50 ஏக்கரில் மணிப் பட்டறையும் இரும்பு உலையும் வணிகர்களும் இருந்த ஊரில் 70 பேர்தான் இருந்தார்கள் என்பது நம்பும்படி இல்லை.

உழவில் அழிந்த வட்டங்கள் எத்தனையோ. எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் மூன்று மடங்காக்கினாலும் முடிவு பெரிதாக மாறாது. ஊராரில் பெரும்பகுதியினருக்குக் கல்வட்டம் கிடைக்கவில்லை. அத்தனை பெரிய பலகைக் கல்லை வெட்டி, இழுத்து வந்து, நிறுத்தி, மூடுகல் ஏற்ற எத்தனை ஆள், எத்தனை நாள் வேலை? அந்த உழைப்பைத் திரட்டக்கூடிய குடும்பங்களுக்கு மட்டுமே அது வாய்த்திருக்கும். நீலக்கல்லைத் துளை போட்டுக் கண் மங்கிப்போன தொழிலாளிக்கும், உலைக்குக் கரி சுமந்தவருக்கும் என்ன முடிவு கிடைத்தது? சுட்டார்களா, குழியில் இட்டார்களா, வெளியில் விட்டார்களா? ஈமக்காட்டில் அவர்கள் இல்லை. மேட்டில் அவர்கள் உடைத்த கல்லும் கீறிய ஓடும் இருக்கின்றன. அந்த ஊரில் பெரும்பான்மையாக இருந்தவர்களைச் சந்திக்க நமக்கு இருக்கும் ஒரே இடம் அந்த மேடுதான். கல்வட்டங்களுக்கு வேலி போட்டுவிட்டு மேட்டைக் கைவிட்டால், வசதியாக இருந்தவர்களின் நினைவை மட்டும் காப்பாற்றியதாக ஆகிவிடும்.

நிலம்

இதைச் சொல்லும்போது இன்று அந்த நிலத்தில் இருப்பவர்களை மறந்துவிட்டுப் பேச முடியாது. மேடும் ஈமக்காடும் பயிர் செய்யும் காடுகளாக இருக்கின்றன. கல்வட்டமாவது கண்ணுக்குத் தெரியும். இதைத் தொடக்கூடாது என்று ஒரு விவசாயி நினைக்கலாம். குடியிருப்பு மேடு வெறும் மண்ணாகத்தான் தெரியும். ஏர் உழுத காலத்தில் சேதம் ஒரு சாண் ஆழத்தோடு நின்றது. டிராக்டரும் ஜேசிபியும் வந்தபின் ஒரே நாளில் மூன்று நூற்றாண்டு அடுக்குகளைச் சமன் செய்துவிடலாம். கொடுமணலில் மண்ணடுக்கு அப்படியொன்றும் ஆழமானதும் இல்லை.

இந்தப் பகுதி விவசாயிகள் ஏற்கனவே ஓர் அடியை வாங்கியவர்கள். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே அருகிலேயே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. கிணற்று நீர் உப்பானது, நிலம் கெட்டது. விவசாயிகள் பல ஆண்டு வழக்காடிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. இத்தனை பட்டவர்களிடம் போய், உங்கள் காட்டில் வரலாறு இருக்கிறது, ஆழமாக உழாதீர்கள், கிணறு வெட்டாதீர்கள் என்று வெறுங்கையோடு சொல்வதில் நியாயம் இல்லை. தொல்லியல் துறை வந்தால் நிலம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை, தற்செயலாகக் கிடைக்கும் பொருளைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் மாட்டார்கள்.

என் பரிந்துரைகள் சில. 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த எல்லையை வகுக்கும்போது கல்வட்டங்கள் கண்ணுக்குத் தெரியும் புல எண்களோடு நிற்கக் கூடாது, குடியிருப்பு மேட்டின் புல எண்களும் உள்ளே வர வேண்டும். இதுவரை எங்கெங்கே குழி போட்டார்கள் என்ற வரைபடம் தமிழில் ஊராட்சி அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும், யார் கிணறு வெட்டப் போனாலும் முதலில் அதைப் பார்க்கும்படி. மேட்டின் மையப் பகுதிக்கு நல்ல விலை கொடுத்து வாங்கிவிடலாம். வாங்க முடியாத இடத்துக்கு, மேலோட்டமான உழவோடு நிறுத்திக்கொள்ளும் விவசாயிக்கு ஆண்டுதோறும் ஓர் இழப்பீட்டுத் தொகை தரலாம். 50 ஏக்கர் மேட்டுக்காட்டுக்கு அது அரசால் முடியாத செலவு இல்லை. 1985-இலிருந்து வெவ்வேறு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டு போன மணிகளையும் ஓடுகளையும் ஒரே பட்டியலில், எந்தக் குழி, எந்த ஆழம் என்ற விவரத்தோடு சேர்க்கும் வேலையும் பாக்கி இருக்கிறது. கல்லறை எண்ணையும் மேட்டுக் குழி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால்தான், நான் மேலே போட்ட கணக்கை யாராவது சரியாகப் போட முடியும்.